தலைமாட்டுக்கு மேலே ஒரு ஜன்னல்

அலுவலகத்தில் அவளுக்குக் 'கூரையக்கா' என்றுதான் பெயர். வீட்டுப் படம் வரைந்துகொடுக்கும் சின்ன அலுவலகம் அது. சுவர், கதவு, சமையலறை என்றால் ஆளாளுக்குப் பாய்ந்து எடுத்துக்கொள்வார்கள். சாய்வுக் கூரை என்று வந்துவிட்டால் எல்லோருக்கும் திடீரென்று வேறு வேலை முளைத்துவிடும். அதிலும் கூரையில் ஜன்னல் வேண்டும் என்று யாராவது கேட்டுவிட்டால் முதலாளியே எழுந்து வந்து, "உன்னை விட்டா யாரும்மா இருக்கா?" என்று ஐஸ் வைப்பார்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். சாஃப்ட்வேரில் ஜன்னலை இழுத்துக் கூரைமேல் விட்டால் அதுவே சரிவைப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்க்க ஜோராக இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் கும்மிருட்டு. கூரைக்குக் கீழே சீலிங் என்று ஒன்று இருக்கிறதே, அதை யார் வெட்டுவது? இரண்டுக்கும் நடுவே நாலு பக்கமும் பலகை அடைத்து, வெளிச்சம் இறங்க ஒரு கிணறு மாதிரி வழி வரைய வேண்டும். "மேல ஜன்னல், கீழ அமாவாசை. பேஷ், நல்லா இருக்கு உன் வீடு!" என்று அவர்களைக் கிண்டல் செய்வாள். அவள் அந்தத் தப்பை ஒருநாளும் செய்ததில்லை.

அவள் கணவர் கிரேன் ஓட்டியவர். காலையில் ஏணி ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். "உங்களுக்கெல்லாம் மேல ஒரு முதலாளி உண்டு. எனக்கு மேல வானம்தான்" என்று பீற்றிக்கொள்வார். ஒருநாள் செருப்பு மாட்டக் குனிந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். உயிர் பிழைத்தது, பேச்சும் குழறிக் குழறி வந்தது. உடம்பு மட்டும் கட்டிலோடு கட்டிலாகிப் போனது. தலையைத் திருப்பக்கூட ஆள் வேண்டும்.

அவர் படுத்திருந்த அறைக்கு இருந்த ஒரே ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். "இந்த சீலிங்கையே பார்த்துப் பார்த்து அதுல இருக்கிற ஆணியெல்லாம் சொந்தக்காரங்க மாதிரி ஆயிடுச்சு" என்றார் ஒருநாள். "ஒரு கையகலம் வானம் தெரிஞ்சாக்கூடப் போதும்டி."

வாய்விட்டு எதையும் கேட்கிற மனிதரில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே சொந்த வீட்டை அளந்து சாஃப்ட்வேரில் ஏற்றினாள். பார்க்க வந்த மச்சினர், "கூரையை வெட்டினா ஒழுகும், எதுக்கு வீண் வேலை?" என்று இழுத்ததுதான் தாமதம், பிடித்துக்கொண்டாள். "இத்தனை வருஷத்துல நான் வரைஞ்ச கூரை ஒண்ணு தப்பாப் போச்சுன்னு காட்டுங்க. அன்னைக்கே மவுஸைத் தூக்கிப் போட்டுடறேன்!"

கட்டிலுக்கு நேர் மேலே, கூரையைத் தாங்கும் இரண்டு கைமரங்களுக்கு நடுவே ஜன்னலை வைத்தாள். சீலிங்கை வெட்ட மறக்கவில்லை. சாஃப்ட்வேரில் இருக்கிற கேமராவை அறை வாசலில், நிற்கிற ஆளின் கண் உயரத்தில் வைத்துப் பார்த்தாள். எல்லா வீட்டுக்கும் அப்படித்தான் பார்ப்பது. திரையில் நீலமாக வானம் தெரிந்தது.

வேலை நடந்த நாட்களில் அவரைக் கூடத்தில் படுக்க வைத்திருந்தார்கள். தச்சர் கருவிகளை வாரிக்கொண்டு போன பிறகு மகளும் மச்சினரும் பிடித்துப் பழையபடி கட்டிலுக்குக் கொண்டுவந்தார்கள். அவள் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள். திரையில் பார்த்த அதே வானம்.

"தெரியுதா?" என்றாள்.

அவர் மேலே பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் நின்றாள். அவர் விழுந்த நாளிலிருந்து அந்த முகத்தில் சிரிப்பு வந்ததே அன்றுதான்.

"தெரியுதுடி" என்றார். "நல்லாத் தெரியுது."

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் அலுவலகத்திலிருந்து போன் செய்வாள். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் ஸ்பீக்கரில் போட்டுக் காதருகே வைப்பார். "இப்ப என்ன தெரியுது?" என்று கேட்பாள். "ஒரு மேகம். உங்க முதலாளி மூக்கு மாதிரியே இருக்கு" என்பார். அவள் சிரிக்கிற சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஒருநாள் சாயங்காலம், "பருந்து வட்டம் போடுது பாரு" என்றார். அவள் ஓடிவந்து வாசலிலிருந்து பார்த்தாள். ஒன்றையும் காணோம். "இப்பத்தான் போச்சு. நீ எதுக்குத்தான் நேரத்துக்கு வந்திருக்கே?" என்று சீண்டினார்.

இன்னொரு நாள், சம்பந்தமே இல்லாமல், "நம்ம தச்சர் இடதுகைக்காரரா?" என்று கேட்டார்.

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சும்மாதான் கேட்டேன்."

மழைக்காலம் முடிவதற்குள் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். வந்த சொந்தமெல்லாம் கலைந்தது. கட்டிலை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றாள் மகள். சரி என்று விரிப்பை உருவப் போனவள், என்ன தோன்றியதோ, அவர் தலையணையில் தலைவைத்து மல்லாந்து படுத்தாள்.

வானம் இல்லை.

கண்ணுக்கு நேரே வெள்ளைப் பலகை. அவள் வரைந்த வெளிச்சக் கிணற்றில், கூரை உயரும் பக்கத்துச் சுவர். நடுவில் தச்சர் அளவுக்குப் போட்ட பென்சில் 'டிக்' ஒன்று, பெயின்டையும் மீறித் தெரிந்தது. அதன் வால் வழக்கமாகப் போகிற வலப்பக்கம் போகாமல் இடப்பக்கம் இழுத்திருந்தது. இடதுகைக்காரர் போட்ட டிக்.

கட்டிலின் தலைமாடு கூரை தாழ்ந்திருக்கிற பக்கம். அங்கே படுத்துப் பார்த்தால் அந்தப் பலகைதான் தெரியும். வாசலில் நின்றால்தான் வானம். உலகத்தில் எல்லோரும் நின்றுகொண்டே இருப்பதாக அந்த சாஃப்ட்வேருக்கு நினைப்பு. அவளுக்கும் அதே நினைப்புதான் இருந்திருக்கிறது. மேகமும் பருந்தும் அவர் கிரேன் மேல் உட்கார்ந்து என்றைக்கோ பார்த்தவை. அவளுக்காக ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

எழுந்தாள். தலையணையை எடுத்துக் கால்மாட்டில் போட்டுப் படுத்தாள். முழு வானமும் தெரிந்தது. இவ்வளவுதான். கூரையைத் தொட வேண்டாம், பலகையை அசைக்க வேண்டாம். அவரைத் திருப்பிப் படுக்க வைத்திருந்தால் போதும்.

அவள் போட்ட சத்தத்தில் மகள் ஓடிவந்தாள். "என்னம்மா, என்னாச்சு?"

"சொல்லியிருக்கலாம்லடி! தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அந்த மனுஷன்! பலகையைப் பார்த்துக்கிட்டே போயிட்டாரேடி!"

மகளும் படுத்துப் பார்த்தாள். அந்தப் பக்கம் ஒருமுறை, இந்தப் பக்கம் ஒருமுறை. "அன்னைக்கு உன் மூஞ்சியப் பார்த்துட்டு எப்படிம்மா சொல்லுவாரு?" என்று சொல்லிவிட்டு அவளும் அழுதாள்.

கட்டிலை யாருக்கும் கொடுக்கவில்லை. மறுநாள் மத்தியானம், போன் செய்கிற அந்த நேரத்தில், அவள் கால்மாட்டில் தலைவைத்துப் படுத்திருந்தாள். மேலே ஒரு மேகம் நகர்ந்துகொண்டிருந்தது. வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். அது யார் மூக்கு மாதிரியும் இல்லை.