அஞ்சே நிமிஷமா? செருப்பைக் கழற்றுங்க!

கார் ஓட்டத் தெரியாதவர்கள்தான் பார்க்கிங் வேலைக்கு வருகிறோம். ஓட்டத் தெரிந்தவர்கள் எங்கள் பேச்சைக் கேட்பதே இல்லை. எங்கள் தீவின் ஹேடோ கப்பல்துறை வாசலில் குடையும் விசிலுமாக நிற்கும் நான், தமிழர், வங்காளி, தெலுங்கர் எல்லோருக்கும் ‘தீதி’, அதாவது அக்கா. வெயிலில் நின்று தொண்டை வறளக் கத்துகிற சக ஜீவன்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

கடல் காற்று

சென்னைக் கப்பலில் வரும் மாமியாரை அழைத்துப்போக ஒருவர் வந்தார். பின்சீட்டில் பையன் தூக்கம். கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிவிட்டு, “கப்பல் தெரியுது பாருங்க, அஞ்சே நிமிஷம்” என்றார். கப்பல் தெரிவது வேறு. அது கரையைப் பிடித்து, கயிறு கட்டி, ஏணி இறக்கி, மாமியார் மூட்டையோடு வெளியே வருவது வேறு. தீவுக்காரருக்கு இது தெரியாதா என்ன?

பையனை உள்ளே விட்டால் வெந்துபோவான் என்றேன். “தீவுல கடல் காத்துக்கு என்ன பஞ்சம்?” என்று என்னையே மடக்கினார். பையனைத் தூக்கி என் குடை நிழலில் வைத்துக்கொண்டு, அவரைக் காருக்குள்ளே உட்காரச் சொன்னேன். கப்பல் இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் சட்டை தொப்பலாக நனைந்து வெளியே வந்தார்.

“ஏன் தீதி, உள்ள கடல் காத்து வரவே இல்லியே?”

மீனுக்கு நிழல்

மெயின்லேண்டில் இருக்கும் அண்ணனுக்கு சுர்மாய் மீன் அனுப்ப வந்தவர், ஐஸ் பெட்டியைக் காரிலிருந்து இறக்கி என் குடைக்கடியில் வைத்தார். “வெயில் பட்டா கெட்டுடும், கொஞ்சம் தியான் வெச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டு, தெரிந்த கப்பல்காரரைத் தேடி ஓடினார். நானும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். தற்செயலாகத் திரும்பினால், பூட்டிய கார்க் கண்ணாடியில் ஒரு சின்ன உள்ளங்கை.

ஓடினேன். சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கல்லை எடுத்து முன்கதவுக் கண்ணாடியை உடைத்து, கதவைத் திறந்து தூக்கினேன். பெண் குழந்தை, முகம் சிவந்து, அழக்கூடச் சத்தம் வரவில்லை. ஈரத்துணியால் துடைத்து, விசிறி, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவை நிறுத்தினேன். அவள் “அம்மா” என்று முனகிய பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. அதற்குள் அப்பா ஓடிவந்து அவளை வாரிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். பெட்டியை என்ன செய்வது என்று கேட்டேன்.

“அத என் கண்ணுல காட்டாதீங்க தீதி, நீங்களே எடுத்துட்டுப் போங்க.”

அதிகாரியின் நடனம்

குழந்தை நல்லபடியாக வீடு திரும்பியது. அன்றிலிருந்து ஒரு சட்டம் போட்டேன்: குழந்தையைக் காரில் விட்டு ‘அஞ்சே நிமிஷம்’ என்பவர், செருப்பை என்னிடம் விட்டுவிட்டுப் போகவேண்டும். அங்கிருந்து உள்கேட் வரைக்கும் வெயிலில் காயும் தார் ரோடு.

பெரிய அதிகாரி ஒருவர் அலட்சியமாக ஷூவைக் கழற்றினார். முதல் அடி வைத்தார், இரண்டாவது அடி வைத்தார். அப்புறம் தரையில் காலே பாவவில்லை. அதே வேகத்தில் திரும்பிக் குதித்து வந்து கார்க் கதவைத் திறந்தார். உள்ளே அவர் மகள் கைதட்டினாள்.

“பப்பா, இன்னொரு தடவ ஆடுங்க!”

ஆக, ஹேடோ வாசலில் என் குடைக்கடியில் ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தால் பக்கத்தில் கோயில் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். ‘அஞ்சே நிமிஷம்’ என்று கிளம்பிய ஓர் அப்பா, அரை நிமிஷத்தில் திரும்பிக்கொண்டிருக்கிறார்.