நிடியா குறைத்த வெளிச்சம்

"மூடு, மூடு... அந்த ஓரத்துல ஓட்டை கிடக்கு பாரு, அதையும் மூடுடி என் தங்கம்!"

நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்தபடி நிடியா பெந்தாங்கூர் ஒரு செல்லை அதட்டிக்கொண்டிருந்தாள். மொந்தேவிதேயோ நகரின் அந்த ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் செல்களை வளர்ப்பவள். மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குடுவைக்கு நுண்ணோக்கி அறையில் இடமில்லை. அதனால் அதை வெளியே நாற்காலியில் வைத்துவிட்டு, ஒரு செல் பிரிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஓடிப்போய் ஓர் உறிஞ்சு உறிஞ்சிவிட்டு வருவாள்.

செல் பிரியும்போது உட்கருவின் உறை கலைந்துபோகும். பிரிந்ததும் இரண்டு உட்கருக்களும் புது உறை போர்த்திக்கொண்டு, போக வர ஆயிரக்கணக்கில் துளைகளும் வைத்தாக வேண்டும். எல்லாம் அரைமணி நேரத்துக்குள். "எங்க வீட்ல ஒரே ஒரு கதவு மாட்ட தச்சன் ஏழு மாசம் எடுத்தான்" என்பாள் பெருமையாக, ஏதோ தானே மாட்டியதுபோல.

ஐந்து மாதமாக அந்த உறைகள் மூடவே இல்லை. வெளியே நிற்க வேண்டிய சிவப்புச் சாயம் உள்ளே கசிந்தது. உள்ளே தங்க வேண்டிய பச்சைப் புரதம் வெளியே வழிந்தது. வெள்ளிக்கிழமையோடு இந்த வேலைக்கு முழுக்குப் போட்டுவிடத் தீர்மானித்தார் ஆய்வுத் தலைவர் ஃபாபியான்.

"செல்லு சரியில்ல நிடியாக்கா. தூக்கிப் போட்டுருங்க."

"என் பிள்ளைங்களக் குறை சொல்லாதீங்க டாக்டரே. மூஞ்சிக்கு நேரா இவ்ளோ வெளிச்சம் அடிச்சா, நீங்க சட்டை மாத்துவீங்களா?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. வியாழன் மதியம் நுண்ணோக்கியின் விளக்கைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தாள். திரை கிட்டத்தட்டக் கறுத்தே போயிற்று.

"அக்கா, படம் எடுக்கறீங்களா, கரன்ட் போச்சா?" என்றாள் எட்டிப்பார்த்த மாணவி ஒருத்தி.

"வாய மூடிட்டு பாருடி."

இருட்டில் இரண்டு மங்கல் திட்டுகள். சிவப்பு அவற்றின் விளிம்புவரை வந்து அப்படியே நின்றது. அடுத்து, உள்ளே பச்சை துளிர்த்தது. ஊறியது, நிறைந்தது. இரண்டும் பச்சைப் பட்டாணிபோல ஜொலித்தன.

"கோஓஓஓல்!" என்று கால்பந்துத் திடலில் நிற்பவள்போலக் கத்தினாள் நிடியா.

கையில் பாதி கடித்த எம்பனாடா பலகாரத்தோடு ஓடிவந்தார் ஃபாபியான். "தீனி வெளியே!" என்று விரட்டி, கையைத் துடைக்க வைத்த பிறகே அவரைப் பார்க்க விட்டாள். அவர் ஒவ்வொரு செல்லாக நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

"அக்கா... ஒண்ணுகூட கசியல."

"துளையெல்லாம் வேலை செய்யுது. பச்சை பாருங்க, கல்யாண வீட்டுக்குப் போறவ மாதிரி போகுது!"

அவர் அவளைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினார். மாணவி கைதட்டியபடி, எல்லாரையும் கூட்டிவரத் தாழ்வாரத்தில் ஓடினாள். அவரும் பின்னாலேயே ஓடினார்.

அறையில் தனியானதும் நிடியா நுண்ணோக்கியின் பக்கவாட்டில் பச்சென்று ஒரு முத்தம் கொடுத்தாள். உதட்டுச்சாயம் ஒட்டிக்கொண்டதைக் கண்டு பதறி, முந்தானையாய்த் தொங்கிய வெள்ளை அங்கியின் நுனியால் அவசர அவசரமாகத் துடைத்தாள்.