அரபும் ஹீப்ருவும் என் வரிசையும்

பிள்ளை மேய்க்கிற உத்தியோகத்தில், பிள்ளை ஒழுங்காக வீடு போய்ச் சேர்ந்தால் உங்களை ஒருவரும் நினைப்பதில்லை. முழங்காலில் ஒரு கீறல் விழுந்தால்தான் உங்கள் பெயர் எல்லோருக்கும் ஞாபகம் வரும். பள்ளிக்கூட வாசலில் நின்று தொண்டை வற்றியவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

நான் வேலை செய்வது பாரிஸின் லா சப்பலில், ஒரு சங்கம் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் நடக்கும் இருமொழிப் பள்ளியில். அரபுப் பிள்ளைகளும் யூதப் பிள்ளைகளும் புதன்கிழமைகளில் ஒரே மேசையில் உட்கார்ந்து அரபும் ஹீப்ருவும் படிக்கிறார்கள். ஆசிரியை சமீரா அரபு மட்டும் பேசுவார், ஆசிரியை யாயெல் ஹீப்ரு மட்டும். ஒருவர் சொன்னதை மற்றவர் மொழிபெயர்க்க மாட்டார். விளங்காத பிள்ளை பக்கத்துப் பிள்ளையைத்தான் கேட்க வேண்டும். அதுதான் படிப்பிக்கிற முறை. யாழ்ப்பாணத்துக்காரியான எனக்கு இரண்டு மொழியும் தெரியாது. கதவு திறப்பது, மூக்குத் துடைப்பது, பின்னேரம் தின்னக் கொடுப்பது, பிள்ளைகளை கார் து நோர் ஸ்டேஷனிலிருந்து கூட்டிவந்து திரும்பக் கொண்டுபோய் விடுவது, இவ்வளவும்தான் என் பாடம். பாடத்துக்கு வெளியே அங்கே பேச்செல்லாம் பிரெஞ்சில். நான் என் வாய்க்கு வருகிற தமிழில் சொல்கிறேன்.

இனிப்பில் வந்த ஒற்றுமை

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நல்ல பேர் எடுக்கும் ஆசையில், கலர் கலராக ரப்பர் மாதிரி இழுபடுகிற இனிப்பு வாங்கிப்போனேன். பிள்ளைகள் பையைத் திருப்பிப் பொடி எழுத்தை வாசித்தார்கள். எல்லாக் கையும் ஒரேயடியாகப் பின்வாங்கியது. உள்ளே இருந்தது பன்றி ஜெலட்டின், இரண்டு பகுதிக்கும் விலக்கு.

அன்றிலிருந்து வாழைப்பழம்தான். பழம் வாங்கப் போன இடத்தில், ரூ பெர்தொனே தெருவில் நம்மவர் கடைக்கார அண்ணையிடம் என் வெட்கக்கேட்டைச் சொன்னேன். அவர் தராசை விட்டுவிட்டுச் சிரித்தார். “ஒரு சாமானை ரெண்டு பகுதியும் சேர்ந்து வேண்டாமெண்டு தள்ளியிருக்கு. இதுக்கு மேல என்ன ஒற்றுமையைத் தங்கச்சி எதிர்பார்க்கிறியள்?”

கடைசிப் பாடம் முதலில்

பிறகு அங்கே, அரபுக்காரரும் யூதரும் மோதுகிற அவர்களுடைய ஊர்ப் பக்கத்தில், போர் பெரிதாகியது. ஸ்டேஷன் வாசலில் அதுவரை ஒரே லைட்டரில் சிகரெட் பற்றவைத்த தகப்பன்மார் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்று போனைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு வணக்கம்கூட இல்லை.

அந்த நேரம் பார்த்து ஆசிரியைகள் ஒரு பயிற்சிப் புத்தகம் தயாரித்தார்கள். அச்சடிக்க நம்மவர் கடை ஒன்றில் கொடுத்தேன். அரபும் சரி, ஹீப்ருவும் சரி, வலமிருந்து இடமாக எழுதுகிற மொழிகள். புத்தகத்தை வலப்பக்கம் கட்ட வேண்டும். எனக்கும் தோன்றவில்லை, அச்சுக்கடைத் தம்பிக்கும் தோன்றவில்லை. தமிழ்ப் புத்தகம் போல இடப்பக்கம் வடிவாகக் கட்டித் தந்துவிட்டான். கடைசிப் பாடம் முதலில் வந்து நின்றது. மறு புதன் இரண்டு பக்கத்துப் பெற்றோரும் புத்தகத்தை ஆட்டிக்கொண்டு வந்து, தங்கள் மொழியை அவமதித்துவிட்டதாக என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். திருப்பிக் கட்டித் தருகிறேன் என்று நான் கெஞ்சும்போது சமீரா காதுக்குள் சொன்னார்: “பேசாமல் இருங்கோ மதாம். இவை சேர்ந்து நிண்டு கத்துறதை இண்டைக்குத்தான் பார்க்கிறன்.”

ஒரே கேள்வி, இரண்டு ரகசியம்

ஸ்டேஷனிலிருந்து நடக்கும்போது பிள்ளைகள் இரண்டிரண்டாகக் கைபிடித்து வரவேண்டும். ஒரு அரபுப் பிள்ளை, ஒரு யூதப் பிள்ளை. கை பிடிக்காவிட்டால் வரிசை நகராது. லேயாவும் யாஸ்மினும் முதல் சோடி. ஒரு நாள் லேயாவின் தகப்பன் மிஷெல் என்னை ஓரமாக அழைத்து, மகளுக்குத் தங்கள் பகுதியிலேயே வேறு சோடி வேண்டும், இல்லாவிட்டால் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவேன் என்றார். யாஸ்மின் வீட்டுக்குத் தெரியவேண்டாமாம். கொஞ்ச நேரத்தில் யாஸ்மினின் தகப்பன் கமால் வந்தார். அதே கோரிக்கை. லேயா வீட்டுக்குத் தெரியவேண்டாமாம்.

இரண்டு குடும்பமும் புறநகர் லா கூர்னெவ்வில் இருப்பவை, ஒரே ரயிலில் வருபவை. இந்த இரண்டு பிள்ளைகள் போனால் மற்றவர்களும் போவார்கள், பள்ளி மூடப்படும். எனக்குப் பயமும் வந்தது, கோபமும் வந்தது. நான் பிறந்த நாட்டில் ஒரு சிங்களப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும் கொடுப்பினை எனக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை. நான் முதலில் கேட்ட சிங்களம் ஆமிக்காரரின் துவக்கோடு வந்தது. கையில் கிடைத்ததை இவர்கள் உதறுவதைப் பார்க்க வயிறு எரிந்தது. இருவரையும் ஒன்றாக நிறுத்தி, “சோடி மாறாது. நம்பிக்கை இல்லையெண்டால் நீங்களே வந்து கூட நடவுங்கோ” என்றேன். இருவரும் ஆளுக்கொரு பக்கமாகத் திரும்பிப் போனார்கள். விஷயத்தைக் கேட்ட யாயெல் பெருமூச்சு விட்டார். “சொன்னது சரிதான் மதாம். ஆனால் அடுத்த புதன் கதவைத் திறந்துபோட்டு நாங்கள் மூண்டு பேரும் ஆளையாள் பார்த்துக்கொண்டு இருக்கப்போறம்.”

வாலில் ஒரு சோடி

அடுத்த புதன் கார் து நோரில் வருகிற ஒவ்வொரு ரயிலையும் பார்த்துக்கொண்டு நின்றேன். லேயா வந்தாள், யாஸ்மினும் வந்தாள். பின்னால் இரண்டு தகப்பன்மாரும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வந்தார்கள். நான் சொன்னதைச் சவாலாக எடுத்துவிட்டார்கள் போல. லா சப்பல் நடைபாதையில் மரக்கறிப் பெட்டியும் சிகரெட் விற்பவர்களும் போக மிச்ச இடம்தான் நமக்கு. ஆட்களைச் சிதற விட முடியாது. இருவரையும் வரிசையின் வாலில் சோடியாக நிறுத்தினேன்.

“போவம்” என்றேன். வரிசை அசையவில்லை. முன்னால் நின்ற லேயா திரும்பிப் பார்த்துக் கத்தினாள், கடைசி இரண்டு பேரும் கை பிடிக்கவில்லையாம். யாஸ்மின் பிடித்த கையை விடாமல் காலை ஊன்றி நின்றாள். பிள்ளைகள் எல்லோரும் கூச்சல். சிகரெட் விற்பவர்கூட வியாபாரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கமாலுக்குக் காது சிவந்தது. மிஷெல் எங்கோ பார்த்தபடி கையை நீட்டினார். கமால் அதில் இரண்டு விரலைப் பிடித்தார். வரிசை நகர்ந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்; பார்த்திருந்தால் அழுதிருப்பேன்.

மண்டப வாசலில்தான் திரும்பினேன். ரயில் பிந்தி வருவதைப் பற்றி இருவரும் ஆத்திரமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். கையை விட மறந்துபோயிருந்தார்கள். என்னைக் கண்டதும் கமால் சட்டென்று கையை எடுத்துப் பொக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டார். “அடுத்த புதன் எனக்கு வேலை மதாம், வர ஏலாது. சோடியை மட்டும் மாத்திப்போடாதேங்கோ.”

உலகத்துச் சண்டையைத் தீர்க்கச் சொல்லி எனக்கு ஒருவரும் சம்பளம் தரவில்லை, ஆனால் என் வரிசையைக் குழப்ப எந்தப் பெரிய மனிதரையும் நான் விடுவதாக இல்லை.