உதுமான் ஸாயா எடுத்து வைத்த எட்டுப் பக்கங்கள்

உதுமானுக்கு வயது நாற்பத்தேழு. ஷ்வேபொந்தா தெருவில் மூன்றாம் மாடியில் வீடு. படியேறி மூச்சு வாங்க வருகிறவர்களிடம் "பொஞ்சூர்" என்று சொல்லி நாற்காலியைக் காட்டுவார். வாரத்தில் மூன்று நாள், மத்தியானம் கரண்டு இருக்கிற நேரம் பார்த்து, ஐந்து பேருக்குப் பிரெஞ்சு சொல்லிக் கொடுக்கிறார். அவர்களுக்கு அவர் ஸாயா. பர்மாவில் வாத்தியாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்த வார்த்தையில் இருக்கும் மரியாதைக்கு ஒருவன் தகுதியா இல்லையா என்று யாரும் விசாரிப்பதில்லை. அதுதான் உதுமானுக்கு வசதியாகவும் இருந்தது, பிறகு வினையாகவும் போனது.

வாத்தியார் வேலை அவர் தேடிப் போனதல்ல. பதினான்கு வருடம் டூரிஸ்ட் கைடாக இருந்தவர். பிரெஞ்சுக்காரர்களைப் படகில் ஏற்றி, அக்கரையில் இறக்கி, வண்டி பிடித்து, த்வாண்டேக்குக் கூட்டிப்போய்ப் பானை செய்வதைக் காட்டுவார். பிறகு உலகத்துக்கே கொரோனா வந்தது. அடுத்த வருடம் பட்டாளம் ஆட்சியைப் பிடித்து, நாட்டுக்கே நேரம் சரியில்லாமல் போனது. வெள்ளைக்காரர் வரத்து நின்றது. இவரிடம் மிஞ்சியது வாயிலிருந்த பிரெஞ்சு மட்டும்தான்.

அந்தப் பிரெஞ்சு எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதம் ஒரு வகுப்புக்குப் போனார். மீதியெல்லாம் காதால் பிடித்தது. நடந்ததைச் சொல்வார், நடப்பதைச் சொல்வார், நடக்கப்போவதையும் சொல்வார். நடந்திருக்க வேண்டியது, ஆனால் நடக்காமல் போனது, அதைச் சொல்ல மட்டும் அவருக்கு வராது. 'வந்திருப்பேன்', 'சொல்லியிருப்பேன்' என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்வதற்குப் பிரெஞ்சுக்காரன் ஒரு துணைவினையை முன்னால் நிறுத்தி, அதை ஆளுக்கு ஒரு மாதிரி மாற்றி, பின்னால் முக்கிய வினையின் வேறொரு உருவத்தைச் சேர்க்கிறான். ஜோரே, த்யூ ஓரே, நூஸோரியோன் என்று அது போகும். சில வினைகளுக்கு அந்தத் துணைவினையே வேறு. பானை காட்டுகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு? ஒரு தடவை ஒரு பிரெஞ்சுக்கார அம்மாள், "நீங்கள் கைடு ஆகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பீர்கள்?" என்று ஆசையாகக் கேட்டாள். உதுமான் சிரித்த முகத்தோடு கழிப்பறை இருக்கிற திசையைக் காட்டினார்.

வகுப்பு ஆரம்பித்தபோது அவரிடம் இருந்தது ஒரே ஒரு பாடப்புத்தகம். பைண்டிங் விட்டு ஏடு ஏடாகக் கழன்றது. இந்த ஊரில் வாத்தியார் தன் புத்தகத்தைப் பான்சோடான் தெருவில் போட்டோகாப்பிக் கடையில் கொடுப்பார். கடைக்காரர் ஐந்து காப்பி எடுத்து ஸ்பைரல் போட்டுத் தருவார். அதுதான் எல்லோருக்கும் புத்தகம். வாத்தியார் கொடுத்த காகிதம்தான் பாடம். அதற்கு வெளியே ஒன்று இருப்பதாகப் படிக்கிறவனுக்குத் தெரிய வழியில்லை.

கடைக்குப் போகும் முன்பு உதுமான் நான்கு ஏடுகளை உருவி டிரங்குப் பெட்டியில் வைத்தார். எட்டுப் பக்கம். முழுக்க அந்த வராத வினைதான். ஒரு வாரம் முட்டிப் பார்த்தார், மண்டையில் ஏறவில்லை. தெரியாது என்று ஐந்து பேர் முன்னால் சொல்வதைவிட, அப்படி ஒன்று இல்லாமலே செய்துவிடுவது சுலபமாகப் பட்டது.

பல்கீஸ் பார்த்துவிட்டாள். "ஏங்க, அத ஏன் எடுக்குறீங்க?" என்றாள்.

"பழைய பாடம். இப்பல்லாம் கேக்குறதில்ல."

மனைவியிடமே பொய். சொன்ன கையோடு காது சுட்டது அவருக்கு.

மாணவர்களில் ரிஹான் என்ற பையன் கொஞ்சம் துருதுரு. "ஸாயா, நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துக்கு அடுத்து நூத்தி இருவத்தொண்ணு வருது?" என்று ஒரு நாள் கேட்டான். "மெஷின் முழுங்கிருச்சு. வெள்ளக்காரனே அதப் பேசுறதில்லப்பா" என்றார் உதுமான். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். முகத்தை மறைக்க அதைவிட நல்ல இடம் அந்த வீட்டில் இல்லை.

ஐந்து பேரில் நன்றாகப் படித்தவள் சாந்தகுமாரி. நாற்பத்தொரு வயது, நர்ஸ். கனடாவில் பிரெஞ்சு பேசும் ஊர் ஒன்றில் முதியோர் இல்லத்தில் வேலை கிடைக்கிற நிலையில் இருந்தது. மற்ற காகிதமெல்லாம் தயார், பிரெஞ்சுத் தேர்வு ஒன்றுதான் பாக்கி. அவள் மகளுக்குப் பதினாறு நடக்கிறது. பதினெட்டு ஆவதற்குள் அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். ஏன் என்று இந்த ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள்; பதினெட்டு ஆனால் பட்டாளத்துக்குப் பெயர் எழுதிவிடுவார்கள். இரவு டியூட்டி முடித்து, தூங்காமல், சிவந்த கண்ணோடு வந்து முன்வரிசையில் உட்காருவாள். உதுமான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொள்வாள். அவர் இருமினால்கூட எழுதியிருப்பாள்.

செப்டம்பரில் தேர்வு எழுதினாள். மூன்று மார்க்கில் போய்விட்டது.

முடிவு வந்த அன்று அவளே வந்து சொன்னாள். "ஒரு லெட்டர் எழுதச் சொன்னாங்க ஸாயா. ஒங்க வாழ்க்கைல ஒரு முடிவ வேற மாதிரி எடுத்திருந்தா என்னா நடந்திருக்கும்னு ஒரு சிநேகிதிக்கு எழுதணுமாம். எனக்குச் சொல்ல நெறைய இருந்துச்சு. ஆனா அத எப்டிச் சொல்றதுன்னு தெரியல. எல்லாத்தையும் நடக்கப்போற மாதிரியே எழுதிட்டேன்."

டிரங்குப் பெட்டி அவள் நாற்காலிக்கு இரண்டடி பின்னால்தான் இருந்தது. உதுமான் வாயைத் திறந்தார். "அடுத்த தடவ பாப்போம்" என்றுதான் வந்தது.

"மார்ச்சுல இன்னொண்ணு இருக்கு. ஆனா நான் எழுதல ஸாயா. நீங்க எவ்வளவோ சொல்லிக் குடுத்தீங்க. என் மண்டைக்குத்தான் ஏறல. இந்த வயசுல இதுக்கு ஆசப்பட்டது என் தப்பு." சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் படியிறங்கும் சத்தம் கேட்கிற வரைக்கும் உதுமான் கதவருகே நின்றார். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

அடுத்த பத்து நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. தொழுகையில் நின்றால் சாந்தகுமாரியின் சிவந்த கண்தான் முன்னால் வந்தது. தன்னை அவர் பெரிய கெட்டவனாக நினைக்கவில்லை; அதற்கும் ஒரு தைரியம் வேண்டும். அற்பன் என்று நினைத்தார். ஒரு பொம்பளை தன்னை மக்கு என்று நம்பிக்கொண்டு கனவை மூட்டைகட்டி வைக்கிறாள், அதைத் தடுக்க நான்கு ஏட்டை எடுத்து நீட்டினால் போதும், அதற்குத் தன் கை வரவில்லை. நினைக்க நினைக்க நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தடிஞ்சு வந்தது. ஐப்பசிப் பௌர்ணமிப் பண்டிகை. வீடெல்லாம் விளக்கு வைப்பார்கள். பெரியவர்களையும் வாத்தியாரையும் தேடிப் போய்க் கும்பிட்டு, தப்பைப் பொறுக்கச் சொல்லி ஆசி வாங்குவார்கள். அதற்குப் பெயர் கடோ. பர்மியர் வழக்கம்தான், ஆனால் இங்கே பள்ளிக்கூடத்தில் படித்த எந்தப் பிள்ளைக்கும் அது கூடப்பிறந்த பழக்கம்.

ஐந்து பேரும் காலையிலேயே வந்தார்கள். பிஸ்கட் டின், ஆரஞ்சுப் பழம், ஒரு புதுக் கைலி. சாந்தகுமாரியும் வந்திருந்தாள். படிப்பை விட்டவள் வரமாட்டாள் என்று உதுமான் நினைத்திருந்தார். படிப்பை விட்டாலும் ஸாயா ஸாயாதானே என்று வந்திருக்கிறாள்.

"குனியாதீங்க. நெத்தி தரையில படக்கூடாது. கையக் கூப்புனாப் போதும்" என்றார். ஒவ்வொரு வருடமும் சொல்வதுதான், மார்க்கத்துக்காக. இந்த வருடம் வேறொன்றுக்காகவும் கெஞ்சினார்.

ஐந்து பேரும் தரையில் மண்டியிட்டுக் கைகூப்பினார்கள். ரிஹான் முன்னால் சொல்ல மற்றவர்கள் பின்னால் சொன்னார்கள், உடம்பாலும் வாயாலும் மனசாலும் ஸாயாவுக்குச் செய்த குற்றம் எதுவானாலும் பொறுக்க வேண்டும் என்று, பர்மிய மொழியில். சாந்தகுமாரி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். ஒப்புக்குச் சொல்லவில்லை, பரீட்சையில் தோற்று ஸாயா பெயரைக் கெடுத்த குற்றத்துக்காக மனதார மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது ஸாயா ஆசி சொல்ல வேண்டும். ஐந்து தலை அவர் முன்னால் தாழ்ந்து காத்திருந்தது.

உதுமான் எழுந்துபோய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். நான்கு ஏடுகளைக் கொண்டுவந்து சாந்தகுமாரியின் முன்னால் தரையில் வைத்தார். அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"மெஷின் முழுங்கல. நான்தான் எடுத்து வச்சேன். எனக்குத் தெரியாது இது. தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. நீ தோத்தது இதாலதான். ஒன் மண்டைல ஒரு கொறையும் இல்ல."

சாந்தகுமாரி ஏடுகளை எடுத்தாள். நிதானமாகப் படித்தாள், நர்சுகள் நோயாளியின் சீட்டைப் படிப்பதுபோல. இரண்டாம் ஏட்டில் கட்டம் கட்டியிருந்த உதாரணத்தில் அவள் விரல் நின்றது. உதட்டை அசைத்து ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அவ்வளவு கஷ்டமான விஷயம் இல்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. உதுமானுக்கு அதுதான் பெரிய அடி.

அவள் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். உதுமான் நின்றுகொண்டிருந்தார்.

"நாங்க கேட்டோம். இப்ப நீங்க கேளுங்க ஸாயா" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

ரிஹான் பதறிப்போனான். "அம்மா, ஸாயாகிட்டப் போய்..." என்று இழுத்தான். உதுமான் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். தரையில் மண்டியிட்டு, மாணவி முன்னால் கை கூப்பினார். அடுப்படி வாசலில் தேத்தண்ணித் தட்டோடு பல்கீஸ் நிற்பது தெரிந்தும் கையை இறக்கவில்லை. உடம்பாலும் வாயாலும் மனசாலும் என்று ஆரம்பித்தார். பாதியில் குரல் உடைந்தது. மீதியைத் தமிழில் சொல்லி முடித்தார். "நான் ஒனக்குச் செஞ்சதப் பொறுத்துக்கம்மா."

சாந்தகுமாரி அவரையே பார்த்தாள். அழுகையும் கோபமும் சேர்ந்து அவள் தாடையை இறுக்கியிருந்தன.

"பொறுத்துக்கிட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல ஸாயா. பொய் சொல்ல மாட்டேன். மார்ச்சுல எழுதுறேன். பாஸானா வந்து சொல்றேன்."

"சரிம்மா."

"நாளக்கி இத அஞ்சு காப்பி எடுக்கணும்."

"ஆறு எடுக்கணும்" என்றார் உதுமான். "எனக்கும் ஒண்ணு."

அவள் ஏட்டை மடியில் வைத்து, முதல் வினையை வாசித்தாள். மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். உதுமான் தரையில் உட்கார்ந்தபடியே அவர்களோடு சொன்னார். அவருக்குத் துணைவினை தப்பியது. சாந்தகுமாரி நிறுத்தி, அவரைத் தனியாக இன்னொரு தடவை சொல்ல வைத்தாள்.