கைராசிக்காரரும் இரண்டு ஃபைலும்

நெற்குப்பை ரோகிணிக்குக் காரைக்குடி கம்பெனியில் மூன்று வருடமாக ஒரே பேச்சு: "அடுத்த வேல நல்லபடியா முடியட்டும்த்தா, பெர்மனென்ட் பண்ணிருவோம்." சொல்பவர் முதலாளி பெரியகருப்பன். உரக்கடையை மூடிவிட்டு சாஃப்ட்வேருக்கு வந்தவர். யூரியா மூட்டைக்கும் சாஃப்ட்வேருக்கும் அவர் பெரிய வித்தியாசம் பார்த்ததில்லை.

இந்த முறை வேலை ஒரு ஸ்கேன் சென்டருக்கு. கண்டரமாணிக்கத்தில் எடுக்கும் படம் மதுரை டாக்டருக்குப் போய்ச் சேர வேண்டும். ஃபைல் அனுப்புவதற்கென்றே வேறு யாரோ எழுதி ஆயத்தமாக விற்கும் லைப்ரரி என்ற புரோகிராம் துண்டை ரோகிணி தன் கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்து, தன் புரோகிராமோடு சேர்த்திருந்தாள். சென்டரில் நிறுவும்போது புரோகிராமுக்குப் பக்கத்திலேயே லைப்ரரி ஃபைலும் லைசென்ஸ் ஃபைலும் இருந்தாக வேண்டும். இதைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் அச்சடித்து, பென்டிரைவோடு கொடுத்தாள்.

யாரிடம்? வேல்பாண்டியிடம். முதலாளியின் மச்சினன். கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது, கைராசி உண்டு. அவர் விளக்கேற்றிய கடை எதுவும் படுத்ததில்லையாம். அதனால் எந்த ஊரிலும் முதல் பட்டனை அவர்தான் தட்டுவார். எழுதியவள் ஓரமாக நின்று கைதட்ட வேண்டும்.

நல்ல நேரம் பார்த்து, சூடம் காட்டித் திருநீறு கொடுத்துவிட்டு வேல்பாண்டி தட்டினார். புரோகிராமை மட்டும் ஏற்றியிருந்தார். லைப்ரரியைக் காணோம் என்று திரையில் சிவப்பாக வந்தது.

பெரியகருப்பன் ரோகிணி பக்கம் திரும்பினார். "காலையில வயர நீயா சொருகுன? அதான் தடங்கலு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ராசியெல்லாம் இருக்குண்ணே. ரெண்டு ஃபைலுதான் இல்ல." வேல்பாண்டியின் சட்டைப்பையில் கிடந்த பென்டிரைவை வாங்கி, இரண்டையும் காப்பி செய்தாள். படம் மதுரைக்குப் போனது.

"பாத்தீகளா, வேல்பாண்டி கை வச்ச எடம்!" என்றார் முதலாளி.

மறுவாரம் பெர்மனென்ட் ஆர்டர் வந்தது, வேல்பாண்டிக்கு. ரோகிணி அன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறினாள்.

பத்தாம் நாள் முதலாளியிடமிருந்து போன். தேவகோட்டையில் அடுத்த சென்டர், அதே சிவப்பு எழுத்து.

"ஏத்தா, பென்டிரைவுல முப்பது ஃபைலு கெடக்கு. அதுல எந்த ரெண்டு?"

"தாள்ல எழுதிக் கொடுத்தேனேண்ணே. அவுகளப் படிக்கச் சொல்லுங்க."

முதலாளி குரலைத் தாழ்த்தினார்.

"அதக் கிழிச்சுத்தானத்தா அன்னைக்கு எல்லாருக்கும் திருநீறு மடிச்சுக் கொடுத்தான்."

"அப்ப அந்தத் திருநீறையே பூசிக்கிட்டு இன்னொருக்க தட்டச் சொல்லுங்க" என்று போனை வைத்தாள் ரோகிணி.