பாய்க்கு வந்த பத்தொன்பது பின்னூட்டங்கள்

"பத்திரிகை வேலைய நிறுத்திடுங்க தம்பி" என்று பாய் வாசலில் நின்றபடியே சொன்னார். எப்போதும் உள்ளே வந்து உட்கார்ந்து டீ சொல்கிறவர், அன்றைக்குப் படியேறவே இல்லை.

நான் அந்த நேரம் அவர் மகளின் நிக்காஹ் அழைப்பிதழுக்குத்தான் கம்ப்யூட்டரில் பார்டர் வைத்துக்கொண்டிருந்தேன். மரக்காணம் கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், நெட் போட்டால் கரகரவென்று கத்துகிற ஒரு மோடம், இவ்வளவுதான் என் கடை. பாய் கூனிமேட்டுக்காரர். மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர். லெட்டர்பேடிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரைக்கும் என்னிடம்தான் அடிப்பார்.

"என்னா பாய், தேதி மாறுதா?"

"தேதி இல்ல தம்பி, சம்பந்தமே நிக்குது. உங்க கம்ப்யூட்டர்ல என்னப் பத்தி என்னமோ எழுதி இருக்குதாமே? மாப்பிள்ளையோட அண்ணன் துபாய்லேர்ந்து போன் பண்ணான். மண்ணு கலந்து விக்கிற வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டோம்னு சொல்லிட்டான்."

அவர் சொன்ன அந்த மண், நான் போட்டது.

2005ஆம் வருஷம் அது. தமிழில் வலைப்பதிவு எழுதுகிறவர்கள் கொஞ்சம் பேர், படிக்கிறவர்களும் அவர்களேதான். சிங்கப்பூர், துபாய், அமெரிக்கா என்று வேலைக்குப் போன ஆட்கள். நானும் ஒரு பதிவு வைத்திருந்தேன். நாய்கூட எட்டிப் பார்க்காது. ஒரு போட்டி வைத்தால் நாலு பேர் வருவார்கள் என்று தோன்றியது. 'என் முதல் வேலை' என்று தலைப்பு. பரிசுக்கு என்ன செய்வது? பாயைக் கேட்டேன். அவர் தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த, பெட்டி பிரிக்காத கைக்கடிகாரம் ஒன்று வீட்டில் இருந்தது. "எழுதுற புள்ளைக்குத்தானே? குடுத்துருவோம்" என்றார். பதிலுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. நானாகத்தான் அவர் பெயர், ஊர், உப்புக் குவியல் பக்கத்தில் நிற்கிற போட்டோ எல்லாம் போட்டு 'பரிசு வழங்குபவர்' என்று ஒரு தனிப் பதிவே எழுதினேன்.

அந்தப் பதிவுக்கு மூன்று நாளாக ஒரு பின்னூட்டமும் இல்லை. அந்தக் காலத்தில் யாராவது பின்னூட்டம் போட்டால்தான், எல்லோர் பதிவுகளையும் ஒரே இடத்தில் காட்டுகிற திரட்டியில் நம் பதிவு மேலே வந்து நாலு பேர் கண்ணில் படும். போடுவதற்கு ஆள் இல்லையென்றால் பெயர் தெரியாத அனானியாகத் தனக்குத்தானே போட்டுக்கொள்வது எல்லோரும் செய்கிற வேலைதான். நானும் உட்கார்ந்து தட்டினேன்: 'இந்த பாய் விக்கிறது உப்பா, மண்ணா? பாதிக்குப் பாதி மண்ணு. பரிசும் அப்படித்தான் இருக்கும்!'

இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் இது ஒரு வழக்கம். மழைக்காலம் முடிந்து முதன்முதலாக வாருகிற உப்பு சேறு ஒட்டிப் பழுப்பாகத்தான் வரும். அதை யாரும் சமையலுக்கு விற்க மாட்டார்கள், தென்னைக்கும் தோல் பதனிடவும் போய்விடும். ஆனால் அளம் வைத்திருப்பவர் யார் டீக்கடைக்கு வந்தாலும், "என்னா மொதலாளி, இந்த வருசம் உப்பு விக்கிறீங்களா, மண்ணு விக்கிறீங்களா?" என்று கேட்காமல் விட மாட்டோம். பாயையே நூறு தடவை கேட்டிருப்பேன். "ரெண்டும் ஒரே வெலைதாம்பா, வேணுமா?" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு தெரிந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, தெரியாத உலகத்துக்கு எழுதுகிறோம் என்பது இந்த மண்டையில் உறைக்கவில்லை.

மறுநாளே பின்னூட்டங்கள் குவிந்துவிட்டன. மரக்காணம் எந்தப் பக்கம் என்றே தெரியாத ஆட்கள். 'எங்க வீட்டு உப்பும் கரைய மாட்டேங்குது, இவர் சரக்குதான் போல' என்று ஒருவர். 'கலப்படக்காரன் காசில் இலக்கியமா?' என்று இன்னொருவர். 'உள்ளே தள்ளணும்' என்று மூன்றாவது ஆள். பத்தொன்பது! சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் படவில்லை. பாய்க்கு நெட் பார்க்கத் தெரியாது. அதனால் பதிவைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன், பின்னூட்டங்கள் இருந்த கீழ்ப் பாதியைக் கத்தரித்துவிட்டு. அதை அவர் அளத்து ஆபீஸ் ரூமில் சுவரில் ஒட்டி வைத்திருந்தார்.

இப்போது அவர் என் கடை வாசலில் நிற்கிறார்.

"எங்க, காட்டுங்க" என்று உள்ளே வந்தார். காட்டினேன். உட்கார்ந்து எழுத்துக் கூட்டி, ஒன்றுவிடாமல் பத்தொன்பதையும் படித்தார்.

"இவங்கள்லாம் யாரு தம்பி? நம்ம உப்ப இவங்க எப்பப் பாத்தாங்க?"

"தெரியல பாய்."

"இந்த மொத ஆளு?"

"அது... அனானி பாய். பேரு வராது."

பச்சைப் பொய். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் எழுந்தார்.

"எப்படியாவது கண்டுபிடிச்சுச் சொல்லுங்க தம்பி. அந்த ஆளு கால்ல விழுந்தாவது கேக்குறேன், நான் சொன்னது பொய்யின்னு ஒரு வரி எழுதுப்பான்னு. எம்பொண்ணு நேத்துலேர்ந்து சாப்புடல."

அவர் தெரு முனை திரும்பியதுதான் தாமதம், பத்தொன்பது பின்னூட்டங்களையும் அழித்தேன். பதிவையே அழித்தேன். தப்பித்துவிட்ட மாதிரி ஒரு மூச்சு வந்தது பாருங்கள், அந்த மூச்சை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்புதான்.

ஆனால் அந்தப் பெண் சாப்பிடவில்லை என்ற வார்த்தை என்னை விடவில்லை. மறுநாள் காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு அளத்துக்கே போனேன். ஆட்கள் பலகையால் உப்பை இழுத்து வரப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாய் குடையோடு நின்றிருந்தார். பக்கத்தில் போய், "அந்த மொத ஆளு நான்தான் பாய்" என்றேன்.

"யாரு?"

"நான்தான். சும்மா வெளாட்டுக்கு எழுதினேன்."

"நீங்களா?" என்றார். மறுபடியும், "நீங்களா தம்பி?" என்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். "டீக்கடையில வச்சுக் கேட்டுருந்தா நானும் சிரிச்சிருப்பேனே" என்றார். அவ்வளவுதான். என் முகத்தைப் பார்த்து அவர் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை.

இருவருமாக எஸ்.டி.டி. பூத்துக்குப் போனோம். துபாய் நம்பரை அவரே சொன்னார். நான் பேசினேன். எழுதியது நான், எங்கள் ஊர்க் கேலி அது, பாய் உப்பில் ஒரு குறையும் கிடையாது, பாயும் பக்கத்தில்தான் நிற்கிறார் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். மறுமுனையில் மாப்பிள்ளையின் அண்ணன் பொறுமையாகக் கேட்டார்.

"சரிங்க. அந்தப் போட்டிக்குப் பரிசு குடுக்குறது யாரு?"

"பாய்தான்."

"முந்தாநாள் இருந்த பதிவும் கமெண்ட்டும் நேத்து இல்ல. யாரு அழிச்சது?"

"நான்தாங்க."

"அவரு குடுக்குறாரு, நீங்க அழிக்கிறீங்க. இப்ப அவரையே பக்கத்துல வச்சுக்கிட்டு, நான்தான் எழுதுனேன்னு பழிய நீங்க ஏத்துக்கிறீங்க. இத நான் நம்பணும்?"

இப்படி ஒரு கோணம் இருக்கிறது என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. நான் எழுதினேன் என்பதற்கு இருந்த ஒரே சாட்சியை நானே துடைத்துப் போட்டிருந்தேன். அவர் பரிசு கொடுத்தார் என்கிற ஒரே காரணத்தால் அவருக்காக நான் சொல்லும் உண்மைக்கு மதிப்பில்லாமல் போயிற்று. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நான் இல்லை, வேறு ஒருவர் வீட்டுப் பெண். போன் வைக்கப்பட்ட பிறகும் ரிசீவரைக் காதிலேயே வைத்திருந்தேன். பாய்தான் வாங்கி வைத்தார். முழுவதையும் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

அந்தச் சம்பந்தம் முறிந்தது. அடுத்த வரன் அமைய ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. என்ன நடந்தது என்று ஊருக்குத் தெரியாது, பாய் யாரிடமும் சொல்லவில்லை.

போட்டியை ரத்து செய்கிறேன் என்று அவரிடம் போய்ச் சொன்னேன். கட்டுரைகள் பதினொன்று வந்திருந்தன, யாரிடமும் முகம் காட்ட எனக்குத் தெம்பில்லை. பாய்க்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது.

"எழுதி அனுப்புன புள்ளைங்க என்னா தப்பு பண்ணுச்சு? குடுக்கிறேன்னு சொன்னது சொன்னதுதான். ஒழுங்கா படிச்சு, நல்லா எழுதுனவங்களுக்குக் குடுங்க" என்று கடிகாரப் பெட்டியை மேஜைமேல் வைத்தார். வாசல் வரை போனவர் நின்றார். "ஒண்ணே ஒண்ணு தம்பி. எம்பேரு எங்கயும் வர வேணாம்."

பதினொன்றையும் இரண்டு தடவை படித்தேன். ஜெயித்தவர் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை செய்கிற பெண். கடிகாரம் கிடைத்ததும் மெயில் எழுதினார். ரொம்ப அழகாக இருக்கிறது, கொடுத்தவர் யார் என்று சொன்னால் அவருக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுத வேண்டும் என்று கேட்டிருந்தார். நல்ல மனுஷர் ஒருவர் என்று பதில் அனுப்பினேன். பெயரையும் முகவரியையும் கேட்டு இரண்டாவது மெயில் வந்தது. அதற்கு நான் பதில் எழுதவே இல்லை.