ஆறு போல்ட், ஆறு வாஷர்

கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எதையும் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிடுவேன் என்று எங்கள் ஹவுஸ் ஓனருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. நான் வேலை பார்ப்பது ஐடி கம்பெனியில்தான். ஆனால் ஆப்பில் பட்டன் எந்த மூலையில், என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்று யோசிப்பதுதான் என் வேலை. இதை அவரிடம் இரண்டு முறை விளக்கியிருக்கிறேன். இரண்டு முறையும் "அதான்மா, கம்ப்யூட்டரு" என்றார்.

அயனம்பாக்கம்தான் அவருக்குப் பூர்வீகம். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஒரு சனிக்கிழமை காலை, பட்டறையின் வருகைப் பதிவு நோட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தார்.

"நீயே பாரும்மா. எவன் எப்போ வந்தான், எப்போ போனான், எதுனா பிரியுதா?"

திறந்து பார்த்தேன். கையெழுத்து இருக்க வேண்டிய இடமெல்லாம் கிரீஸ் அப்பிய கட்டைவிரல் தடங்கள். இரண்டு பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வர மறுத்தன.

"சின்னதா ஒரு ஆப் பண்ணிக் குடு. வந்தா சொல்லணும், போனா சொல்லணும். அவ்ளோதான்."

ஒத்துக்கொண்டேன். எங்கள் ஆபீஸில் ஒரு பட்டன் நீலமா பச்சையா என்று ஏழு பேர் மூன்று வாரமாகக் கூடிக்கூடிப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. யாரையும் கேட்காமல் ஓர் ஆப் முழுவதையும் நானே செய்யலாம் என்ற ஆசை என்னை விடவில்லை.

கிரீஸ் கையால் திரையைத் தொட்டால் அதுவும் நோட்டு மாதிரி ஆகிவிடுமே என்று யோசித்து, வாயால் சொன்னாலே பதிவாகும்படி செய்தேன். வாசலருகே சுவரில் ஒரு பழைய செல்போன். ஓனரையும் சேர்த்துப் பதினைந்து பேருக்கும் ஆளுக்கொரு எண். எண்ணைச் சொல்லி 'வந்துவிட்டேன்' என்றால் வருகை. 'போகிறேன்' என்றால் கிளம்பியாயிற்று. என் புத்திசாலித்தனத்தை நினைத்து நானே இரண்டு நாள் சிரித்த முகமாக இருந்தேன்.

எண் கொடுப்பதே பெரும்பாடாகிவிட்டது. ஒன்று வேண்டும் என்று மூன்று பேர் நின்றார்கள்; ஃபோர்மேனுக்குக் கொடுத்தோம். எட்டு வேண்டும் என்று ஒருவரும் வரவில்லை. "எனக்குப் போடு. இன்மேட்டு எனக்கு இன்னா ஆவப் போவுது" என்று ஓனரே எடுத்துக்கொண்டார்.

பட்டாபிராமிலிருந்து ரயிலில் வரும் பேக்கிங் அக்காவுக்கு ஆறு. முதல் நாள் அவர் போன் முன்னால் நின்று, "ஆறு வன்ட்டேன்" என்றார். போன் வாய் திறக்கவில்லை. "ஆறு வன்ட்டேன்பா!" ஊஹூம். நான் தென்காசிக்காரி. எங்கள் ஊர்ப் பேச்சில் நான் சொன்னபோது உடனே பதிந்தது. அக்கா என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்கூர்க்காரங்க சொன்னாத்தான் கேக்குமா அது?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்றே ஆப்பை மாற்றினேன். எண்ணுக்குப் பின்னால் வருகிற சொல் 'வ', 'வா' எதில் தொடங்கினாலும் வருகை, 'போ'வில் தொடங்கினால் கிளம்பியாயிற்று. இனி அவரவர் இஷ்டப்படி பேசிக்கொள்ளட்டும்.

வியாழக்கிழமை ஓனரிடமிருந்து போன். "ஒரு நட பட்டறைக்கு வந்துட்டுப் போம்மா." போனால், பேக்கிங் அக்கா இடுப்பில் கை வைத்து நிற்கிறார். எதிரே ஓனர்.

"இன்னாம்மா இது? ஒரே நாள்ல இருபத்தி மூணு தபா வெளிய போயிகினு வந்துகினு கீற?"

"நானா? மத்தியானம் கை கழுவக் கூட எய்ந்திரிக்கல நானு. உன் போனாண்ட கேளு!"

அந்தச் சமயம் பார்த்து உள்ளேயிருந்து ஃபோர்மேன் கத்தினார்: "யக்கா! ஆறு போல்ட்டு, ஆறு வாஷர் எடு!"

போன் 'டிங்' என்றது. ஆறு: வெளியே. மறுபடி 'டிங்'. ஆறு: உள்ளே.

மூவரும் நிமிர்ந்து போனைப் பார்த்தோம். போல்ட்டில் ஒரு 'போ', வாஷரில் ஒரு 'வா'. வாசலருகே போல்ட்டும் வாஷரும் எண்ணி எண்ணிப் பெட்டியில் போடும் மேசைக்கு நேர் மேலே போனை மாட்டியவளும் நானே.

"சரி, இந்த நாப்பது யாரு?" என்று போனில் இருந்த வருகைக் கணக்கைக் காட்டிக் கேட்டார் ஓனர். "செவ்வாக்கெழம காத்தால வந்தவன் இன்னும் ஊட்டுக்கே போவல!"

பின்னால் ஆள் சேர்ந்தால் உதவும் என்று எண்ணுக்கு நான் எல்லை வைக்காமல் விட்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை யாரோ நாற்பது வாஷர் கேட்டிருக்கிறார்கள். நாற்பது போல்ட்டை யாரும் கேட்கவில்லை.

வெளியே வந்த ஃபோர்மேன் கணக்கை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவன் ஒர்த்தன்தான் மொதலாளி, இங்க ஒயுங்கா வேல செய்றவன்."

அந்த வாரம் முழுவதும் பட்டறையில் எது நடந்தாலும் பழி நாற்பதின் தலையில். டீ கிளாஸ் உடைந்தால் நாற்பது உடைத்தான். ஸ்பேனர் காணோமென்றால் நாற்பது எடுத்துப் போனான். எனக்கோ அவமானம் தாங்கவில்லை. வேறு என்ன செய்யலாம் என்று தெரியாமல் பேக்கிங் மேசையருகே உட்கார்ந்திருந்தேன்.

அப்போது அக்காவுக்கு ஒரு போன் வந்தது. இரண்டு கையிலும் ஆயில். சாவகாசமாகக் குனிந்து முழங்கையால் திரையை ஒரு இழு இழுத்து, முழங்கையாலேயே ஸ்பீக்கரையும் போட்டு, தங்கையிடம் ரசம் வைப்பது பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

"அக்கா, முழங்கையிலயா?" என்றேன்.

"பின்ன? அது சுத்தமாத்தான கீது?"

அலுவலகத்தில் எல்லாப் பட்டனையும் விரல் நுனிக்குத்தான் அளவெடுப்போம். நான் அன்று டேப் வைத்து முழங்கைகளை அளந்தேன். ஓனர் தானாகவே சட்டையை மடித்து நீட்டினார். மறு ஞாயிறு, பெரிய திரையுள்ள ஒரு டேப்லெட் சுவரில் ஏறியது. எண்ணும் கிடையாது, பேச்சும் கிடையாது. பதினைந்து பேரின் முகப்படங்கள், வரிசைக்கு மூன்று. தன் முகத்தில் முழங்கையால் ஒரு இடி இடித்தால் பச்சை, மறுபடி இடித்தால் பச்சை போய்விடும். திங்கள் காலை எல்லோரும் ஒவ்வொருவராக வந்து தங்கள் முகத்தைத் தாங்களே இடித்துவிட்டு உள்ளே போனார்கள். ஒரு தவறு இல்லை. ஓனர் மட்டும் ஆசையில் நான்கு முறை இடித்தார்.

நிம்மதியாக இருந்தேன். புதன்கிழமை அக்கா அழைத்தார். அவசரத்தில் நான் எடுத்த படம் ரேஷன் கார்டு போட்டோ மாதிரி இருக்கிறதாம். தம்பி கல்யாணத்தில் பட்டுப்புடவையில் எடுத்த படத்தை அனுப்பினார், மாற்றினேன். அவ்வளவுதான். மாலைக்குள் எல்லோரும் படம் அனுப்பிவிட்டார்கள். ஒருவர் பைக் மேல், ஒருவர் அருவியில். எல்லாவற்றையும் உட்கார்ந்து மாற்றினேன்.

மறுநாள் காலை ஃபோர்மேன் கூப்பிட்டார். குரலில் வருத்தம்.

"ஏம்மா, என்னைய வேலய உட்டுத் தூக்கிட்டாங்களா? என் மூஞ்சே காணோம்."

"மூணாவது வரிசை, நடுவுல பாருங்கண்ணே. கூலிங் கிளாஸ், நிறைய முடி. நீங்க அனுப்பின பழைய படம்தான்."

அவர் வரிசையை எண்ணுவது கேட்டது.

"அட, நாந்தான் அது" என்றார். பிறகு முழங்கை இடிக்கும் சத்தம் கேட்டது.